துரைக்கு ஊசி போடும் கை

முதலில் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைங்க சார். எத்தனை தரம் படித்தாலும் எழுத்து மாறாது. பூனைக்குச் சர்க்கரை வியாதி, காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. அவ்வளவுதான் விஷயம். டாக்டரம்மா உங்களிடம் பேசியது இந்தப் பெஞ்சு வரைக்கும் கேட்டது. நான் ஒட்டுக் கேட்கவில்லை, ஜன்னல் திறந்து கிடக்கிறது.

உட்காருங்க. உங்களுக்கு ஊசி போடப் பழக்கிவிட வேண்டிய கம்பவுண்டர் பின்பக்கம் ஒரு பசுமாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் வர அரை மணி நேரம் ஆகும். என் முறைக்கும் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். அந்த ஆடு, அந்த நாய், அப்புறம் அந்தக் கோழி.

இவன் துரை. மீன்கூடைதான், ஆனால் கழுவிச் சாக்கு விரித்துத்தான் கொண்டுவந்திருக்கிறேன். எட்டு வயது. உங்களுடையதும் கருத்தடை ஆபரேஷன் பண்ணின ஆண் பூனைதானே? நினைத்தேன். அதற்குத்தான் இது அதிகம் வருமாம்.

என் பேர் இன்னாசி. ஹார்பர் ரோட்டில் படகுகளுக்கு ஐஸ் அடிக்கிற கம்பெனி ஒன்று இருக்கிறது, அங்கே மிஷின் ஆபரேட்டர். முப்பது வருஷமாக ராத்திரி ஷிப்ட். பகல் ஷிப்ட் கொடுத்தார்கள், நான்தான் வேண்டாம் என்றேன். பகலில் ஆட்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். ராத்திரியில் மிஷின் ஒன்றுதான் பேசும். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. கம்ப்ரசர், அம்மோனியா லைன், உப்புத் தண்ணீர்த் தொட்டி, இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானே பார்த்து, நானே பிரித்து, நானே மாட்டிப் படித்தது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், குளிர் என்றால் என்ன என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்க.

துரை குட்டியாகக் கம்பெனிக்குள் வந்தவன். ஏழு வருஷம் கம்ப்ரசர் ரூம் வாசலில் எனக்குத் துணையாக உட்கார்ந்திருந்தான். மனுஷன் எவனாவது அப்படி உட்கார்ந்திருக்கிறானா? காலில் ஒரு ஐஸ் பார் விழுந்து அடிபட்டபோது வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அதற்கப்புறம் வீட்டுப் பூனையாகிவிட்டான்.

ஆறு மாதம் முன்னால் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். பூனை தண்ணீர் குடிக்கும், இல்லையென்று சொல்லவில்லை. இவன் குடத்தடியிலேயே குடித்தனம் இருந்தான். வீட்டு மூலை முடுக்கெல்லாம் நனைத்தான். வேளைக்கு வேளை தின்கிறான், ஆனால் தடவினால் முதுகெலும்பு கையில் தட்டுகிறது. அப்புறம் பின்னங்கால். பூனை விரல் ஊன்றி நடக்கும் இல்லையா, இவன் குதிகால் முழுக்கத் தரையில் பட, தேய்ந்த செருப்பை இழுத்துக்கொண்டு போகிறவன் மாதிரி நடந்தான்.

என் வீட்டுக்காரி ஞானப்பூ பார்த்தவுடனே சொன்னாள், இதுக்குச் சர்க்கரை என்று. நான் சிரித்தேன். உனக்கு இருக்குன்னு ஊரில் உள்ள எல்லா ஜீவனுக்கும் இருக்குமா என்று கேட்டேன். அவளுக்கு ஒன்பது வருஷமாக இருக்கிறது. அவளுக்கும் ஊசிதான். அது மனுஷ வியாதி, அதை விடுங்க. பத்து நாள் கழித்து நான் இவனை இங்கே தூக்கி வந்தேன். ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை. பாருங்க, சரியான நேரத்தில் நான் கண்டுபிடித்துக் கொண்டுவந்ததால்தான் இன்றைக்கு உயிரோடு இருக்கிறான். டாக்டரம்மாவே சொன்னார், இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் கஷ்டம் என்று.

அதற்கப்புறம் ஆளாளுக்கு எனக்கு யோசனை சொன்னார்கள். கம்பெனியில் லோடு ஏற்றுகிற கோயில்பிச்சை, "அண்ணாச்சி, பூனைக்கு இன்சுலின்னா நெத்திலிக்கு பிரஷர் மாத்திரை எப்போ குடுக்கப் போறீய?" என்று கேட்டான். கூட இருந்தவன்கள் சிரித்தான்கள். என் மகள் ரெஜினா கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணி, விட்டுருங்கப்பா, அது பாவம், தினம் ரெண்டு தரம் குத்துறதுக்கு அது நிம்மதியா போயிரட்டும் என்றாள். நான் ஒரே வார்த்தைதான் சொன்னேன். போகிறதென்றால் என்னைத் தாண்டித்தான் போகணும் என்றேன். அன்றைக்குச் சொன்னதை இன்றைக்கும் சொல்கிறேன். உங்களிடமும் நாலு பேர் வந்து சொல்வார்கள். காது கொடுக்காதீங்க.

முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம். இதில் என் ராத்திரி ஷிப்ட் கடவுள் கொடுத்தது. காலை ஆறரைக்கு வீட்டுக்கு வருவேன், ஏழு மணிக்கு ஊசி. சாயங்காலம் ஏழு மணிக்கு ஊசி, ஏழரைக்குக் கிளம்பிவிடுவேன். முதலில் சாப்பாடு வைக்கணும். அவன் தின்கிறானா என்று நின்று பார்க்கணும். தின்னாமல் இருக்கிறவனுக்கு வழக்கமான அளவைக் குத்திவிடக் கூடாது, டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்டுவிட்டுத்தான். பாட்டிலைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கையில் வைத்து மெதுவாக உருட்டணும். அப்புறம் ஊசி. எங்கள் வீட்டில் ரெண்டு சாதி உண்டு. ஞானப்பூவுடையது சிவப்பு மூடி, துரையுடையது ஆரஞ்சு மூடி. மருந்தின் பலம் வேறே வேறே, அதனால் ஊசியில் உள்ள கோடும் வேறே வேறே. ஒன்றின் ஊசியில் இன்னொன்றை இழுத்தால் கணக்கு தலைகீழாகிவிடும். உங்கள் மருந்துக் கடைக்காரரிடம் பாட்டிலைக் காட்டி, இதுக்கு இதுதானான்னு கேட்டு வாங்குங்க. போட்டோமா போடலையான்னு சந்தேகம் வந்தால் போட்டதாகவே வைத்துக்கொள்ளணும், மறுபடி போடக் கூடாது.

நான் ஊசி போடக் கற்றுக்கொண்டது எப்படி என்று நினைக்கிறீங்க? ஒரு டஜன் சாத்துக்குடி வாங்கி வந்தேன். போனில் வீடியோவைப் போட்டுவிட்டு, சாத்துக்குடியில் தண்ணீரை ஏற்றி ஏற்றிப் பழகினேன். எந்த பாஷை வீடியோ என்று கூடத் தெரியாது, கையை மட்டும் பார்த்தேன். அடுப்படியில் ஞானப்பூ தன் ஊசியைப் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தாள். நான் காட்டட்டுமா என்று கேட்டாள். நீ உன் ஜோலியைப் பாரு ஏட்டி என்றேன். நாலே நாளில் பிடித்துக்கொண்டேன். கழுத்துக்குப் பின்னால் தளர்ந்த தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி, அடியில் குத்தி, அழுத்தி எடுத்துவிடணும். துரை தட்டிலிருந்து தலையைக் கூடத் தூக்க மாட்டான். அவ்வளவு இளக்கமான கை எனக்கு. நான் சொல்லவில்லை, டாக்டரம்மா சொன்னார்.

சர்க்கரை பார்க்கிற மிஷின் வீட்டிலேயே இருந்தது. ஞானப்பூவுடையது. அதைத் துரைக்கு எடுத்துக்கொண்டேன். காது ஓரத்தில் ஒரு சின்னக் குத்து, ஒரு சொட்டு ரத்தம். அவளுக்கு அடிக்கடி பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, உடம்பு அவளுக்கே சொல்லிவிடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மருந்தைக் குளிரில் வைக்கணும் என்றார்கள். யாரிடம் சொல்கிறார்கள் பாருங்க. ஞானப்பூ தன் பாட்டிலை பிரிட்ஜ் கதவில், முட்டை வைக்கிற குழிக்குப் பக்கத்தில் செருகி வைத்திருப்பாள். கதவை மணிக்கொரு தரம் திறக்கிறோம், அங்கே என்ன குளிர் நிற்கும்? இரண்டு பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மாறிப்போகும் என்கிற பயம் வேறே. அதனால் துரையின் பாட்டிலை மேலே பிரீசரில் வைத்தேன். மீனெல்லாம் வைக்கிற இடம்தான். கல்லு மாதிரி இறுகி இருக்கும். எடுத்து உள்ளங்கையில் உருட்டுவேன், இளகிவிடும். உருட்டச் சொன்னதே அதற்குத்தான் என்று நினைத்தேன். இழுத்துக்கொண்டு மறுபடி பிரீசரில் வைத்துவிடுவேன்.

அவள் ஒரு நாள் பார்த்துவிட்டாள். "என்னங்க, அதை உறைய வைக்கக் கூடாதுங்க, கெட்டுப் போயிரும்" என்றாள். எனக்கு வந்ததே கோபம். முப்பது வருஷமாக ஒரு நாளைக்கு இரண்டாயிரம் பார் ஐஸ் இறக்குகிறவனிடம், குளிரில் ஒரு பொருள் கெட்டுப்போகும் என்கிறாள். ஆழ்கடலில் இருபது நாள் கிடக்கிற மீனை அழுகாமல் கரைக்குக் கொண்டுவருவது யார் ஐஸ்? "குளிரைப் பத்தி எனக்கே சொல்லித் தாரியாட்டி?" என்று கேட்டேன். அவள் மீனைக் கழுவப் போய்விட்டாள்.

சர்க்கரை இறங்கவில்லை சார். ஒரு யூனிட்டில் ஆரம்பித்தோம். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் நானூற்றுச் சொச்சம். டாக்டரம்மா இரண்டாக்கினார். இறங்கவில்லை. மூன்று. இறங்கவில்லை. பூனை உருகிக்கொண்டே போகிறது. மருந்தை எப்படி வைத்திருக்கிறீங்க என்று டாக்டரம்மா ஒரு தரம் கேட்டார்தான். "குளிர்லதான் இருக்கு, அதைப் பத்தி நீங்க கவலையே படாதீங்க, நான் ஐஸ் கம்பெனிக்காரன்" என்றேன். சரி என்று விட்டுவிட்டார். நாலு யூனிட் ஆயிற்று. பாட்டில் திறந்து ரொம்ப நாளாகிவிட்டது, புதுசு திறந்து பாருங்க என்றார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

இங்கேதான் என் வீட்டுப் பெண்பிள்ளை வேலையைக் காட்டினாள். டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று பையைக் கொடியில் மாட்டிவிட்டுப் போனேன். காலையில் வந்து பார்த்தால் புதுப் பாட்டில் கதவில் இருக்கிறது, அவளுடைய பாட்டிலுக்குப் பக்கத்தில். மேலே ரப்பர் பேண்டு சுற்றி வைத்திருக்கிறாள், மாறிவிடக் கூடாதாம். துரை காத்துக்கொண்டு நிற்கிறான். சரி, சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று நாலு யூனிட்டை இழுத்துப் போட்டுவிட்டுப் படுத்தேன்.

பத்து மணி இருக்கும். ஞானப்பூ என் தோளைப் பிடித்து உலுக்குகிறாள். துரை குளியலறை வாசலில் கிடக்கிறான். தலையைத் தூக்குகிறான், அது ஒரு பக்கமாகச் சாய்கிறது. கால் நாலும் தண்ணீரில் துடுப்புப் போடுகிற மாதிரி அடிக்கிறது. கண் திறந்திருக்கிறது, பார்வை இல்லை. நான் கூப்பிடுகிறேன், என் சத்தம் அவனுக்குப் போய்ச் சேரவில்லை. சார், முப்பது வருஷத்தில் இரண்டு தரம் அம்மோனியா லைன் வெடித்திருக்கிறது. அன்றைக்கெல்லாம் எந்த வால்வை மூடணும் என்று எனக்குத் தெரிந்தது.

எனக்கு என்ன தோன்றியது? சர்க்கரை ஏறித்தான் இப்படி ஆகிவிட்டான், இன்னும் ஒரு இரண்டு யூனிட் போட்டால் தெளிந்துவிடுவான் என்று தோன்றியது. யாருக்குமே அப்படித்தான் தோன்றும். பாட்டிலை எடுத்தேன், ஊசியை எடுத்தேன். அவள் என் கையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். ஊசி போய் அடுப்புக்கடியில் விழுந்தது. இருபத்தேழு வருஷக் குடித்தனத்தில் அவள் என்னை அடித்தது அது ஒன்றுதான்.

"தொடாதீங்க. இறங்கிப் போச்சு. கொன்னுராதீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். மிஷினில் பார்த்தால் முப்பத்தெட்டு. அவளுடைய கைப்பைக்குள்ளிருந்து ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டை எடுத்தாள். அந்தப் பாக்கெட்டை முன்னாலேயே பார்த்து எத்தனை தரம் திட்டியிருக்கிறேன் தெரியுமா? சர்க்கரைக்காரிக்குக் குளுக்கோஸ் எதுக்கு, ஒளித்து வைத்துத் தின்கிறாயா என்று. கோயிலுக்குப் போனாலும் எடுத்துக்கொண்டுதான் போவாள். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, விரலில் தொட்டு, துரையின் ஈறில் தேய்த்தாள். வாய்க்குள் ஊற்றக் கூடாது சார், மூச்சில் ஏறிவிடும். தேய்க்கத்தான் வேண்டும். மறுபடி தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் நாக்கு வெளியே வந்தது, அவள் விரலை நக்கியது. அப்போதே ஆட்டோ பிடித்து இங்கே வந்து, சாயங்காலம் வரைக்கும் டிரிப் ஏற்றினார்கள்.

அன்றைக்குத்தான் டாக்டரம்மா நுணுக்கி நுணுக்கிக் கேட்டார். பிரீசர் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உறைந்து இளகின இன்சுலினுக்குச் சத்தே கிடையாதாம். நாலு மாதமாக நான் குத்தியது வெறும் தண்ணீருக்குச் சமம். சத்தில்லாத மருந்து என்று தெரியாமல் அளவை ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் நாலு யூனிட்டை நல்ல மருந்தில் போட்டதும் ஆள் சாய்ந்துவிட்டான்.

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று யோசிங்க. அந்தப் புதுப் பாட்டிலை என்னைக் கேட்காமல் கதவில் வைத்தது யார்? நான் வைக்கிற இடத்திலேயே வைத்திருந்தால் அன்றைக்கு அவன் சாய்ந்திருப்பானா? இதை டாக்டரம்மாவிடம் கேட்டேன். அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டார். பதில் இருந்தால் சொல்லியிருப்பார் அல்லவா?

இதற்கெல்லாம் எனக்குக் கிடைத்த தண்டனையைக் கேளுங்க. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஞானப்பூ ஆரஞ்சு மூடி ஊசி அத்தனையையும் வாரி, தன் பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு, தன் சேலைப் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டாள். இனிமேல் நான்தான் போடுவேன் என்றாள். சண்டை போட்டேன். இரண்டு நாள் அவள் கையால் சாப்பிடவில்லை. கோயில்பிச்சை வாங்கிக் கொடுத்த பரோட்டாதான். அவள் அசையவில்லை.

மூன்று வாரம் ஆகிறது சார். காலையில் ஆறரைக்கு வருகிறேன். முன்னேயெல்லாம் துரை வாசல்படியில் நிற்பான். இப்போது அடுப்படியில் அவள் காலடியில் நிற்கிறான். அவனுக்குத் தட்டு வைக்கிறாள், ஊசி போடுகிறாள். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தனக்குப் போட்டுக்கொள்கிறாள். அப்புறம் இருவரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், இவள் இட்லி, அவன் மீன். நான் என் வீட்டு அடுப்படி வாசலில் சாப்பாட்டு வாளியைப் பிடித்துக்கொண்டு, விருந்தாளி மாதிரி நிற்கிறேன். பூனை தேறியிருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. தண்ணீர் குடிப்பது குறைந்திருக்கிறது. குதிகாலைக் கூடக் கொஞ்சம் தூக்கி நடக்கிறான். ஆனால் அவனைத் தூக்கி வந்து, காப்பாற்றி, ஊரெல்லாம் சிரிக்கச் சிரிக்க ஊசி போட்டவன் நான். அந்த ஊசி என் கைக்குத் திரும்ப வரணும். வந்தே ஆகணும். இன்றைக்கு நான் இங்கே உட்கார்ந்திருப்பது அதற்குத்தான்.

காரணம் இல்லாமல் கேட்க வரவில்லை. நல்ல காரணம் கையில் இருக்கிறது. ஞானப்பூவுக்குக் கண் சரியில்லை. ஆறு மாதமாகவே மங்கலாம். அரிசியில் கல் பார்க்க முடிவதில்லை, ஊசியில் நூல் கோர்க்க என்னைக் கூப்பிடுகிறாள். இன்றைக்குக் கூட அவள் பாளையங்கோட்டைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கிறாள். கூட வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், துரைக்கு இன்றைக்கு ரத்தம் பார்க்கணும், நீங்க அதைக் கொண்டுபோங்க என்றாள். வயசுதான் காரணம், வேறென்ன. ஆனால் யோசிங்க, அந்த ஊசியில் கோடு எவ்வளவு சின்னது? ஒரு யூனிட்டுக்கும் இரண்டு யூனிட்டுக்கும் நடுவில் ஒரு முடியளவுதான் இடைவெளி. கோடு தெரியாத கையில் ஊசியைக் கொடுத்துவிட்டு நாம் பேசாமல் இருக்கலாமா? இதைத்தான் உள்ளே போய்க் கேட்கப் போகிறேன். டாக்டரம்மா, நீங்களே சொல்லுங்க, அவளுக்குக் கோடு தெரியவில்லை, ஊசியை யார் போடணும்? இதற்கு அவரால் மறுபேச்சுப் பேச முடியாது. ராத்திரி முழுக்க மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்து வைத்திருக்கிறேன்.

என்ன சார் கேட்டீங்க?

அவளுக்கா? அவள் ஊசியில் யார் கோடு பார்க்கிறார்கள் என்றா?

அது அவளே பார்த்துக்கொள்வாள். ஒன்பது வருஷப் பழக்கம். கை தானாகப் போகும்.

இல்லை, நீங்க கேட்பது புரிகிறது. ஒரு கோடு தெரியாதவளுக்கு இன்னொரு கோடு எப்படித் தெரியும் என்கிறீங்க. அவளுடைய ஊசி கொஞ்சம் பெரிசு. பெரிசா, இதே அளவா, நான் சரியாகப் பார்த்ததில்லை. இருங்க. போனிலேயே கேட்டுவிடுகிறேன். இதில் என்ன இருக்கிறது. கேட்டால் என் பக்கத்துக்கு இன்னொரு காரணம் கிடைக்கும்.

ஞானப்பூ. நான்தான். கண் பார்த்தாச்சா? சரி. துரைக்கு இப்போ ஒரு யூனிட்டுதானே போடுத? அப்படியா. எப்போ ஏத்தினாங்க? எங்கிட்ட ஏன் சொல்லலை? சரி, அது கிடக்கட்டும். கோடு தெரியாம எப்படி இழுக்க நீ?

சார், கேளுங்க, என்ன சொல்கிறாள் என்று. துரைக்கு இப்போது இரண்டு யூனிட்டாம். போன வாரம் டாக்டரம்மா போனில் ஏற்றச் சொன்னாராம். இரண்டு வேளையும் ஊசியில் இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகிறாளாம். அங்கே ஜெபமணி என்று ஒரு நர்ஸ் இருக்கிறாள். அவளிடம் காட்டி, இரண்டுதானான்னு கேட்டுக்கொண்டு வந்துதான் துரைக்குப் போடுகிறாளாம். சின்ன உடம்பு, ஒரு கோடு கூடினாலும் தாங்காது என்கிறாள்.

அப்படியென்றால் என் காரணம் போய்விட்டது. உள்ளே போய் நான் என்னத்தைச் சொல்வேன்?

இன்னும் லைனில்தான் இருக்கிறாள். ஏட்டி, உன்னோடதையும் ஜெபமணிகிட்டதானே காட்டுத?

காட்டுவதில்லையாம் சார். ஒரே நேரத்தில் இரண்டை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பிள்ளையைத் தொந்தரவு பண்ண முடியாதாம். தனக்கென்றால் கட்டைவிரல் நகத்தை ஊசி மேல் வைத்து, பழக்கத்தில் ஒரு இடம் வரைக்கும் இழுத்துக்கொள்வாளாம். எனக்கென்ன, பெரிய உடம்பு, ரெண்டு கூடும், ரெண்டு குறையும் என்கிறாள். சிரிக்கிறாள். மிஷினில் பார்த்தாயா என்று கேட்டால், மிஷின் துரைக்கு வேணும்லா, ரத்தம் தொடுற சீட்டு தீர்ந்துரும்னு நான் தொடலை என்கிறாள். இன்றைக்கு ஆஸ்பத்திரியில் பார்த்தார்களாம். முந்நூற்றுத் தொண்ணூறு. கண் மங்கினது வயசால் இல்லையாம்.

துரைக்குக் கூட இந்த மூன்று வாரத்தில் முந்நூற்றைத் தாண்டவில்லை சார்.

ஞானப்பூ. லைன்ல இரு. வைக்காத. உனக்கு எத்தனை யூனிட்டு? உனக்குத்தான் கேக்கேன். எதுக்குக் கேக்கேன்னா, கேக்கக் கூடாதா?

ஒன்பது வருஷமா கேக்கலையே என்கிறாள்.

பேனா வைத்திருக்கீங்களா சார்? சட்டைப் பையில் பார்த்தேனே, அதைக் கொடுங்க. சீட்டு வேண்டாம், உங்கள் சீட்டில் எழுதினால் உங்கள் பூனைக்குப் போட்டுவிடுவீங்க. உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறேன். காலையில் இருபத்திரண்டு. சாயங்காலம் பதினாலு. சிவப்பு மூடி. திருப்பிச் சொல்லச் சொல்கிறாள், பாருங்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. இருபத்திரண்டு, பதினாலு. எழுதிட்டேன் ஏட்டி. சாயங்காலம் நான் வராம நீ ஊசியைத் தொடக் கூடாது. ஆமா, நான்தான் போடப் போறேன். பயமா இருக்கா? இருக்கட்டும். ஜெபமணிகிட்ட நானே கொண்டுபோய்க் காட்டிட்டு வந்து போடுதேன், போதுமா? ஒரு ஊசி இல்லை, ரெண்டையும் காட்டுதேன்.

வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு என்கூட வர மாட்டீங்கன்னு நினைச்சுத்தான் உங்களைப் பூனையோட அனுப்பினேன் என்றாள், அவ்வளவுதான். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. அப்புறம் யோசிக்கிறேன்.

அதோ, கோழிக்காரர் வெளியே வருகிறார். அடுத்தது துரைதான்.

இந்தாங்க பேனா. உள்ளே போய் நான் ஊசியைத் திருப்பிக் கேட்கப் போவதில்லை. அதற்காகத் தோற்றுவிட்டேன் என்று நினைச்சுராதீங்க. துரைக்கு அவள் போடட்டும், அவள் நன்றாகத்தான் போடுகிறாள், அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அவளுக்கு நான் போடுவேன். கொடுக்க மாட்டேன் என்பாள். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். திரும்பட்டும் சார். நான் அந்தச் சுவர்ப்பக்கம் போய் நிற்பேன்.